அக்கா கொண்டு வந்த கார்

அக்கா வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. பெட்டி திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, எங்கள் காம்பரா வாசலில் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பால்மா, சவர்க்காரம், தலைவலித் தைலம், புலிப் படம் போட்ட கம்பளி என்று என்னென்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் பார்க்க வேண்டும். கலியாண வீட்டில் என்ன சாப்பாடு என்று தெரியாமலா போகிறோம்?

இந்த முறை புலிக் கம்பளியைப் பிரித்தால் உள்ளே இன்னொரு கம்பளி. அதைப் பிரித்தால் ஒரு பெரிய துவாய். துவாய்க்குள்ளிருந்து நான்கு தடித்த டயர்கள் எட்டிப் பார்த்தன. பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல அக்கா அதை இரண்டு கைகளாலும் தூக்கி சிமெந்துத் தரையில் வைத்தாள். என் கை நீளம் இருந்தது. கம்பிகளும் குழாய்களும் ஒரு குட்டி எஞ்சினும் அப்படியே வெளியே தெரிந்தன. நடுவில் வட்டமாக, மேலே பார்த்தபடி ஒரு வெள்ளை மூடி.

“என்னக்கா இது, எலும்புக்கூடு மாதிரி?” என்றேன்.

“கார்டா. மேல் கூடு பெட்டிக்குள்ள அடங்கல, அங்கேயே விட்டுட்டேன். பேட்டரியில ஓடுற வெளாட்டுச் சாமான்னு நெனைக்காத. பெட்ரோல்ல ஓடும். ரிமோட்டுக்கு மட்டுந்தான் பேட்டரி.”

பால்மாவை எதிர்பார்த்து வந்தவர்களின் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. பெட்டியின் பாதி எடையை இது தின்றிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்தக் குடும்பத்தில் பைத்தியம் ஒருவருக்கு மட்டுமில்லை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அன்று மாலை தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்கிற வீட்டுப் பையனுடைய கார் அது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள வெட்டவெளியில் அவன் அதை ஓட்டுவான். வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் விருந்தாளிகள். அக்காவுக்குக் குசினியை விட்டு நகர முடியாது. குசினி ஜன்னலைத் திறந்தால் மதில்தான் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தத்தைக் கேட்பாளாம். இப்போது வளைகிறது, இப்போது நேராக ஓடுகிறது, இப்போது குதிக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாளாம்.

“அத்தன வருஷமா சத்தத்த மட்டுந்தான் கேட்டேன். ஓடுறத ஒரு தடவகூடப் பாக்கல,” என்றாள். “அந்தப் பையன் படிக்கப் போயிட்டான். இதத் தூக்கிப் போடச் சொல்லி மேடம் குடுத்தாங்க. எனக்கு மனசு வரல. திரும்பிப் போறதுக்குள்ள இது ஓடுறத என் கண்ணால பாக்கணும். ரிமோட்ட என் கையில வச்சு ஓட்டணும். அவ்வளவுதான்டா.”

அக்கா எங்களிடம் எதையும் கேட்டவளில்லை. நான் ஆட்டோ வாங்கியதும், இந்தக் காம்பராவுக்குப் பின்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டியதும் அவள் உழைப்பில்தான். அவளுக்குக் கலியாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பேச அவளுக்குப் பிடிக்காது, நானும் எழுதப்போவதில்லை. அப்படிப்பட்டவள் வாய் திறந்து ஒன்று கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நோர்வூட் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். எஞ்சின் என் கைக்குள்.

“நாளைக்கே ஓட்டிக் காட்றேன்க்கா,” என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பிறவிப் பழக்கம்.

“நாளைக்கா? பூச போடாமயா?” என்றாள் அக்கா.

அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் புதிதாக வண்டி எதுவும் கோயிலுக்குப் போகாமல் ரோட்டில் இறங்காது. லொறியானாலும் சைக்கிளானாலும் சட்டம் ஒன்றுதான். மறுநாள் காலை ஆட்டோவின் பின்சீட்டில் காரை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி எங்களுக்கு மாமா முறை. காரைச் சுற்றி வந்து பார்த்தார். தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பொட்டு எங்கிட்டு வைக்கிறது? நெத்தியே இல்லையே!”

மேல் கூடு இல்லாத காருக்கு ஏது நெற்றி? அக்காதான் அந்த வட்ட வெள்ளை மூடியைக் காட்டினாள். பார்க்க அப்படித்தான் இருந்தது, பளிச்சென்று, அகலமாக. பூசாரி மாமா திருநீற்றைக் குழைத்து மூன்று கோடு இழுத்தார். அதன் நடுவே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அந்தக் கணமே காருக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது எலுமிச்சம்பழம். நான்கு டயருக்கும் அடியில் நான்கு பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்க வேண்டும். எங்கள் கார் அவ்வளவு கனமில்லை. தள்ளினால் பழத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு ஆடியது. இன்னும் தள்ளினால் பழங்கள் உருண்டோடின. ஒன்று கோயில் படி இறங்கித் தேயிலைக்குள் போய்விட்டது. கடைசியில் பூசாரி மாமா காரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தன் முழு உடம்பையும் கொடுத்து அழுத்த, மூன்று பழங்கள் நசுங்கின. நான்காவது நசுங்கவேயில்லை.

“மூணு போதும்,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

லயத்துக்கு வந்து, பெட்ரோலில் டூடி எஞ்சின் ஒயில் கலந்து ஊற்றி, ஸ்டார்ட் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சத்தமில்லை. மறுபடி இழுத்தேன். சோக்கைப் போட்டு இழுத்தேன், எடுத்துவிட்டு இழுத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தேன். லயமே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார் ஒருவர். மெல்ல மெல்லக் கூட்டம் கலைந்தது. என் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். அக்கா மட்டும் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அதைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை, அந்தக் கயிற்றின் மேல்.

“நாலாவது எலுமிச்சம்பழம்,” என்றாள் என் மனைவி.

நோர்வூட் பஜாரில் புல்லு வெட்டுகிற மெஷின் பழுது பார்க்கிற ஒரு பாஸ் இருக்கிறார். சிங்களவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எஞ்சின் மேல் கோபம் வந்தால்தான் சிங்களத்துக்குப் போவார்; என்னை மட்டும் எப்போதும் ‘மல்லி’ என்பார், தம்பி என்று அர்த்தம். காரைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். புல்லு வெட்டுகிற மெஷினில் இருக்கிற அதே வகை எஞ்சின்தான், சக்கரம் பூட்டியிருக்கிறார்கள் என்றார். மூடியைத் திறந்து, டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். போத்தலின் அடியில் முத்து முத்தாக என்னவோ உருண்டது.

“மேக்கே வத்துர!” என்றார். “தண்ணி மல்லி, தண்ணி! பெட்ரோல்ல எப்பிடித் தண்ணி வந்துச்சு?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் செருப்பைப் பார்த்தாள்.

“பெட்ரோல் வாட அடிச்சா எயார்போட்டுல விடமாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் நல்லாக் கழுவுனேன்,” என்றாள். “சட்டி கழுவுற சோப்புத் தண்ணி ஊத்தி, மூணு தடவ அலசி…”

டேங்கை மட்டுமில்லை, காற்று வடிகட்டுகிற பஞ்சு, குழாய், கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் கழுவியிருக்கிறாள். அக்கா கழுவினால் கழுவினதுதான். பாஸ் பஞ்சை எடுத்துப் பிழிந்தார். மெல்லிய எலுமிச்சை வாசம் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எல்லாவற்றையும் காயவைத்து, புதுப் பெட்ரோல் கலந்து, மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவர் இழுத்தார். இருமியது. இன்னொரு முறை. இருமி நின்றது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

“ப்ளக் தெமிலா. நனஞ்சு போச்சு. இது கடலோரத்துல, சூட்டுல ஓடிப் பழகின எஞ்சின் மல்லி. இங்க ஒசரம், காத்து மெலிசு. அங்க குடிச்ச அளவுக்கு இங்கயும் பெட்ரோல் குடிச்சா தாங்காது. கொழும்புல இருந்து வர்ற பழைய வேன் கினிகத்தேன தாண்டினதும் கறுப்பாப் புகை விடும், பாத்திருக்கியா? அதே கததான்.”

ப்ளக்கைத் துடைத்து, கார்பரேட்டர் பக்கத்தில் உள்ள ஸ்குரூவைக் கொஞ்சம்போல் திருப்பினார். மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது! கடை முழுக்கப் புகை. சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய சத்தமா என்று நான் மலைத்துப்போனேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதே சத்தந்தான்,” என்றாள். “இதேதான்டா.”

ரிமோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அதனால் ஓட்டிப் பார்க்க வழியில்லை. மேசையிலேயே நெடுநேரம் உறுமவிட்டு அணைத்தார் பாஸ். மூடியை மாட்டிக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கை கால் கழுவி, விளக்கேற்றி, முதல் வேலையாகக் காரின் மூடிக்குப் புதிதாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். சாயந்திரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் தோட்டத்துப் பந்து விளையாட்டுக் கிரவுண்டில் கூடினார்கள். இழுத்தேன். பிடித்தது. அக்கா ரிமோட்டை அழுத்த, கார் பாய்ந்தது. கிரவுண்டில் பாதி தூரம் போயிருக்காது, விக்கியது, திணறியது, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் மூச்சுப் பேச்சில்லை.

“ஓடிருச்சுல்ல?” என்றார் ஒரு பெரியவர், ஆறுதலாக.

“இது ஓட்டமாங்க? தும்மல்,” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. ஸ்டாண்டில் ஹயர் வந்தால்கூட மனம் கார் மேலேயே இருந்தது. ப்ளக்கை மாற்றினேன். பஞ்சைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்குரூவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகி, பாஸிடம் போய்த் திட்டு வாங்கித் திரும்பச் சரிசெய்து வந்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன். நின்றுபோன காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தால் உஷ் என்று ஒரு சத்தம் வரும். மூடிவிட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நிற்கும். ஓகோ, இதற்கு வயிறு நிறைய வேண்டும்போல என்று முடிவுகட்டி, விளிம்பு வரை ஊற்றினேன். நிறைய ஊற்ற ஊற்ற இன்னும் சீக்கிரம் நின்றது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

நான் ஒரு பக்கம் இப்படி என்றால், அக்கா இன்னொரு பக்கம். கார் எவ்வளவுக்கு அடம்பிடித்ததோ, அவ்வளவுக்கு அவள் பக்தி கூடியது. காலையில் குளித்துவிட்டு வந்து, சாமிப் படத்துக்கு வைத்த கையோடு காருக்கும் வைப்பாள். பழைய சந்தனம் காய்ந்திருந்தால் அதன் மேலேயே புதுச் சந்தனம். வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாகத் திருநீறு. மூடியின் வெள்ளை நிறமே மறைந்துபோனது. அவள் திரும்பிப் போகிற தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். சந்தனத்தின் கனத்தைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அந்த நேரத்தில்தான் கீழ் லயத்தில் எங்கள் பெரியப்பா காலமானார். நல்ல வயசு, கல்யாணச் சாவு. பங்காளி வீட்டுச் சாவு என்பதால் எங்களுக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை விளக்கேற்றக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, சாமிக்கும் பொட்டில்லை, காருக்கும் பொட்டில்லை. கருமாதிக்கு மறுநாள் அக்காவுக்குப் ப்ளைட். ஆக, பார்ப்பது என்றால் கருமாதி அன்று சாயந்திரம் ஒன்றுதான் மிச்சம். அக்கா காரை இஸ்தோப்பின் ஓரத்தில் வைத்து, ஒரு சாக்கைப் போர்த்திவிட்டாள்.

நல்ல மழை. ஒரு நாள் இரவு முழுக்கக் காற்றடித்துச் சாக்கைத் தூக்கிப் போட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து விழுந்த தண்ணீர் நேராகக் கார் மேல். விடிந்து பார்த்தபோது மூடி பழையபடி வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவேயில்லை. இருந்த கொஞ்ச உயிரும் போயிற்று என்று முனகிக்கொண்டே ப்ளக்கையும் பஞ்சையும் கழற்றிக் காயவைத்து, மூன்று நாள் கழித்துப் பூட்டி, உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு இழுப்பு இழுத்தேன்.

பிடித்துக்கொண்டது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்து பார்த்தாள். பெரியப்பா வீட்டுப் பக்கமிருந்து ஆட்கள் தலை நீட்டினார்கள். கார் பாட்டுக்கு உறுமிக்கொண்டேயிருந்தது.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “அடப்பாவி, சாவு வீடுடா! தீட்டு நேரத்துல என்னடா சத்தம்? நிறுத்து, நிறுத்து!”

“இத்தன நாளா நிக்காதன்னு கும்புட்டீங்க. இப்ப நிறுத்தச் சொல்றீங்க,” என்றாள் என் மனைவி.

நிறுத்தினேன். அக்காவுக்கு ஒரே குழப்பம். நல்ல நாளில் ஓடாதது தீட்டில் ஓடுகிறதே! சாமி குற்றமா, பெரியப்பாவின் ஆவியா என்று அவள் பாட்டுக்குக் கணக்குப் போட்டாள். “அது வெளியூருல வளந்த வண்டி அண்ணி, நம்ம சந்தனம் அதுக்கு அரிக்குதோ என்னமோ,” என்று என் மனைவி சும்மா ஒரு போடு போட்டாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. விடையைச் சொல்லிவிட்டாள், கேட்கத்தான் ஆளில்லை.

தீட்டுக் கழியாமல் ரிமோட்டைத் தொடமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். கருமாதி அன்று வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றினோம். விளக்கு ஏற்றிய கையோடு அவள் என்ன செய்தாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நாள் விட்டுப்போனதற்கும் சேர்த்து அப்பினாள்.

சாயந்திரம் கிரவுண்டில் நல்ல கூட்டம். பூசாரி மாமா வந்திருந்தார். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள், பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள்கூட, பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். மழை வெறித்து, மலையிலிருந்து மஞ்சள் வெயில் இறங்கியிருந்தது. இழுத்தேன், பிடித்தது. அக்கா ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுத்தினாள். கார் ஓடியது, ஓடியது, கோல் கம்பத்தைத் தாண்டியது. எனக்குப் புல்லரித்தது. அங்கே போய் விக்கி நின்றது.

நான் போய்க் காரைத் தூக்கிவந்து அக்காவின் காலடியில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மறுநாள் இந்நேரம் அவள் கட்டுநாயக்கா எயார்போட்டில் இருப்பாள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்கக் குனிந்து, பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்தேன். உஷ் என்றது.

“இரு,” என்றாள் அக்கா. “அத மூடித் திரும்பவும் தொற.”

“இப்ப சத்தம் வராதுக்கா. ஓடி நின்னாத்தான் வரும்.”

“அது என்ன சத்தம்?”

“காத்து உள்ள போற சத்தம்.”

அக்கா மூடியை என் கையிலிருந்து பிடுங்கினாள். “டின் பாலுக்கு எத்தன ஓட்ட போடுவ?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என் மனைவிதான் பதில் சொன்னாள். “ரெண்டு, அண்ணி. ஒன்னு பால் வர, ஒன்னு காத்துப் போக. ஒன்னே ஒன்னு போட்டா பால் வராது.”

“இதுல காத்துப் போற ஓட்ட எங்க?”

முந்தானையால் மூடியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் போனது, சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நடு நெற்றியில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குள் சந்தனம் சிமெந்து பூசியது போல இறுகிக் கிடந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் விட்டுக் குடைந்தாள். மூடியைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகிற வழி அதுதான். மேசை மேல் மூடியில்லாமல் ஓடியதும், மழையில் சந்தனம் கரைந்தபின் ஓடியதும், நான் விளிம்பு வரை ஊற்றி உள்ளே காற்றுக்கே இடமில்லாமல் செய்தபோது சீக்கிரம் நின்றதும் எல்லாம் எனக்கு அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அக்கா மூடியையும் பூசாரி மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “நானே கும்பிட்டுக் கும்பிட்டு அதோட மூச்ச அடச்சிருக்கேன்டா!” என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. கூட்டமே சிரித்தது.

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள் என் மனைவி.

பூசாரி மாமா அசரவில்லை. “அந்த டின் பால் நெனப்பக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? ஆத்தாதான்,” என்றார்.

மூடியை மாட்டி இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. அக்கா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அழுத்தினாள். கார் கோல் கம்பத்தைத் தாண்டியது, கிரவுண்டின் கடைசிக்குப் போனது, சேற்றை வாரியடித்துக்கொண்டு திரும்பியது. முதலில் அவளுக்குத் திருப்பத் தெரியவில்லை, இரண்டு முறை கூட்டத்துக்குள் விட்டாள். கருமாதிக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூசாரி மாமா தேயிலைக்குள் ஏறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. மேட்டில் ஏறி அது குதித்தபோது, “இதான்! இதான்டா அந்தச் சத்தம்! குதிக்கிறப்ப இப்பிடித்தான் கேக்கும்!” என்று கத்தினாள்.

ரிமோட்டை ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. நான் ஒரு முறை கேட்டேன். “போடா,” என்றாள். பெட்ரோல் தீர்ந்து கார் தானாக நிற்கும்வரை ஓட்டினாள். என் அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான்தான் அழுதேன், இந்த முறை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காரைத் துடைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். “இனிமே எங்கடா வைக்கிறது?” முன் பம்பரைக் காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்து, அதில் ஓட்டை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து வீடியோ கோல் எடுத்தாள். பின்னால் குசினி தெரிந்தது, தட்டுகள் அடுக்கியிருந்தன. விருந்தாளிகள் வருகிற நேரம்தான். காரை ஓட்டு என்றாள். கிரவுண்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் ரிமோட். என் மனைவி கயிற்றை இழுத்தாள், பிடித்துக்கொண்டது. கார் வளையத் தொடங்கியதும் எங்கள் மலைச் சிக்னல் தன் புத்தியைக் காட்டியது. அக்காவின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

“அக்கா, படம் நின்னுருச்சு. இரு, மேட்டுக்கு ஏறி நின்னு திரும்ப எடுக்கிறேன்.”

“வேணாம், கட் பண்ணிராத. சத்தம் நல்லாக் கேக்குது,” என்றாள். தண்ணீர்க் குழாய் ஓடுகிற ஓசையும் தட்டுகள் மோதுகிற ஓசையும் கேட்டன. “நீ பாட்டுக்கு ஓட்டு. இப்ப கோல் கம்பத்துக்கிட்ட வளையுது. சரியா?”

நிமிர்ந்து பார்த்தேன். சரியாகக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வளைந்துகொண்டிருந்தது.